ஹெட்செட் இல்லாமல் பாத்த படம்

எங்கட வீட்டு ஹோலில அம்மம்மாட கதிரை ஒண்டு இருக்கு. வயர் பின்னின பழைய கதிரை, ஒரு கால் கொஞ்சம் ஆடும், ஆனா அந்த இடத்தில இருந்து பாத்தால்தான் ரீவி நேராத் தெரியும் எண்டு அவ வேற ஒருத்தரையும் அதில இருக்க விடமாட்டா. நான் வளந்தது முழுக்க அந்தக் கதிரைக்குப் பக்கத்தில நிலத்தில இருந்துதான், சீரியல், கிரிக்கெட், பொங்கலுக்குப் போடுற புதுப்படம் எல்லாம் அங்கதான் பாத்தது. ஆனா எனக்குத் தேவைப்பட்ட கதையள் ஒண்டும் அந்த ரீவியில வரேல்ல. அதெல்லாம் பிறகு போனில வந்தது, அறைக்கதவைச் சாத்திப்போட்டு, ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைச்சுப்போட்டு, ஹெட்செட்டைக் காதில செருகிக்கொண்டு பாத்தது. நான் ஒரு கே (gay). யாழ்ப்பாணத்தில கொக்குவிலில இருக்கிறன், ரவுணுக்குள்ள வேலை, வயசு முப்பது தாண்டியாச்சு, சாதகம் பாக்கிற வயசு. அந்த அறைக்குள்ள பாத்த கதையள் எப்பிடிக் கொஞ்சம் கொஞ்சமா ஹோலுக்கு வந்ததுகள் எண்டதைத்தான் எழுதப்போறன், ஏனெண்டால் போன கிழமை நடந்த ஒண்டு எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ள நிக்குது.

முதல் முதல் தமிழ்ப் படத்தில என்னைப்போல ஆக்களைக் கண்டது 'வேட்டையாடு விளையாடு'. படம் வந்தது 2006 ஆவணியில, அதே மாசம்தான் சண்டையால இஞ்ச வாற ஏ9 பாதையைப் பூட்டினது, சாமானே வராத நேரத்தில படம் எங்க வாறது, நான் பாத்தது ரெண்டு வருசத்துக்குமேல பிந்தி ஒரு சிடியில. அதில கொலைகாரர் ரெண்டுபேர், கமல் அவங்களைப் பாத்து நீங்கள் ரெண்டுபேரும் அப்பிடியோ எண்டு கேக்கிற கட்டம் வரும். படத்தில அது ஒரு அடி மாதிரித்தான் விழும், அந்தச் சொல்லே ஒரு வசவு. ஹோலில மாமா, சித்தப்பா ஆக்கள் எல்லாம் இருந்து பாத்துச் சிரிச்சவை. நான் அம்மம்மாட கதிரைக் காலைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான். அப்ப எனக்கு என்னைப் பற்றி முழுசா விளங்கேல்ல, ஆனா அந்தச் சிரிப்பு என்னைப் பாத்துத்தான் எண்டது மட்டும் விளங்கினது, அது எப்பிடி அந்த வயசில விளங்கினதெண்டு இப்பவும் எனக்குச் சொல்லத் தெரியாது. அதுக்குப் பிறகு 2010ல 'கோவா' வந்தது, அதில சம்பத்தும் அரவிந்த் ஆகாசும் சோடியா வருவினம், பகிடிக்குத்தான் வைச்சிருந்தவை எண்டாலும் அவையள் கொலைகாரரும் இல்லை, சாகவும் இல்லை, சந்தோசமா இருந்தவை. அதுவே எனக்குப் பெரிய விசயம். அந்தப் பாட்டுக் கட்டங்களை நான் எத்தினை தரம் திருப்பித் திருப்பிப் பாத்தனெண்டு எனக்குத்தான் தெரியும்.

ரியூசனில என்னை 'ஒரு மாதிரி' எண்டு சொல்லுவாங்கள். எங்கட ஊரில இதுக்கு உள்ள சொல்லே அதுதான், ஒரு மாதிரி. அவன் ஒரு மாதிரி, அவன்ர நடை ஒரு மாதிரி. என்ன மாதிரி எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம். அதைவிட மோசமான சொல்லுகள் சினிமாப் பகிடியளில இருந்து கப்பலேறி வந்தது, நம்பர் சொல்லிக் கூப்பிடுறது, கையைத் தட்டிக் காட்டுறது, அதெல்லாம் எங்கட ஊர்ப் பழக்கமே இல்லை, படத்தில பாத்துப் பழகினது. ஒரு வாத்தியாரும் வகுப்பில வைச்சு அப்பிடிச் சொல்லி முழு வகுப்பையும் சிரிக்க வைச்சவர். அவற்றை பேர் இஞ்ச வேண்டாம். ஆனா ஒரு படம் எழுதுற ஆளுக்கு தான் எழுதுற ஒரு வரி கடல் தாண்டிப் போய் எந்தப் பள்ளிக்கூட வாங்கில இருக்கிற பெடியன்ர முதுகில விழுகுது எண்டு தெரிய வேணும், அதுக்காகத்தான் சொல்லுறன்.

2020 பங்குனி. கொரோனா ஊரடங்கு. படலையைத் திறந்து ரோட்டை எட்டிப் பாக்கவும் பயந்த நாட்கள். அந்த நேரத்தில கொழும்பில இருக்கிற ஒரு சிநேகிதன் ஒரு யூடியூப் லிங்க் அனுப்பினான், தாய்லாந்துச் சீரியல், பேர் '2கெதர்', பிரைட் எண்டும் வின் எண்டும் ரெண்டு நடிகர்மார். கம்பஸ் பெடியன் ஒருத்தன் தன்னைத் துரத்துற இன்னொருத்தனிட்டத் தப்பிறதுக்காக கிற்றார் வாசிக்கிற ஒரு பெடியனை என்ர காதலன் மாதிரி நடி எண்டு கேப்பான், பேந்து நடிப்பு உண்மையாகிடும். கதை அவ்வளவுதான். எங்கட தமிழ்ப் படத்தில ஆயிரம் தரம் வந்த கதை, ஆனா ரெண்டும் பெடியள். ஒருத்தரும் அடிவாங்கேல்ல, ஒருத்தரும் செத்துப் போகேல்ல, சண்டை பிடிச்சால் அது ஏன் மெசேஜுக்குப் பதில் போடேல்ல எண்ட சண்டை. எனக்கு அதைப் பாக்கேக்க அழுகை வந்தது. சோகத்தில இல்லை, இவ்வளவு லேசா இருக்கலாமோ எண்ட யோசனையில. கிழமைக்கு ஒரு எபிசோட், டேட்டா முடிஞ்சால் சிநேகிதன் ரீலோட் போட்டு விடுவான், இரவு முழுக்க அதைப் பற்றியே கதைப்பம். ஆங்கில சப்டைட்டில் வாசிச்சு வாசிச்சு எனக்கு இங்கிலீசும் கொஞ்சம் திருந்தினது.

சரி, இப்ப 2022 ஐப்பசிக்கு வாறன். நாட்டில காசு இல்லை, பெற்றோலுக்கு கியூஆர் கோட், ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு எழுத்துக் குடுத்து நேரம் பிரிச்சுக் கரண்ட் வெட்டின காலம். அந்த வருசம் விஜய் ரீவியில பிக்பாஸ் ஆறாவது சீசன் தொடங்கினது, அதில யாழ்ப்பாணத்தில இருந்து ஜனனி போயிருந்தா. ஊர் முழுக்க அதுதான் கதை. அதுக்கு முதல் 2019ல லொஸ்லியாவும் தர்ஷனும் போகேக்கயும் இப்பிடித்தான், ஆனா இந்தமுறை இஞ்சத்தப் பிள்ளை எண்டு அம்மம்மாவுக்குக் கூடப் பாசம். கரண்ட் வெட்டுற நேரத்துக்கு முன்னமே குளிச்சு, விளக்கு வைச்சு, சாப்பிட்டு முடிச்சு வந்து கதிரையில இருந்திடுவா. "எங்கட பிள்ளை ரெண்டு சொல்லுச் சொன்னாலும் வடிவாச் சொல்லுது" எண்டு ஜனனிக்கு நல்ல பேர். அதே வீட்டுக்குள்ளதான் ஷிவின் கணேசனும் இருந்தா. ஷிவின் ஒரு திருநங்கை.

முதல் கிழமை அம்மம்மா ஒண்டும் கதைக்கேல்ல. சித்திதான் குசினியில இருந்து "உது பெடியன் எல்லே" எண்டு கத்தினா. எனக்கு எழும்பிப் போகவேணும் போல இருந்தது, ஆனா போனால் ஏன் போறாய் எண்டு கேப்பினமோ எண்ட பயத்தில அப்பிடியே இருந்தன். ரெண்டாம் மூண்டாம் கிழமையில அம்மம்மா தானாத் தொடங்கினா, "அந்தப் பிள்ளை நிதானமாக் கதைக்குது, மற்றதுகள் நாய் மாதிரிக் குலைக்குதுகள்". 'அந்தப் பிள்ளை.' நான் நிலத்தில இருந்துகொண்டு திரும்பிப் பாக்காமல் அந்தச் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன். எங்கட அம்மம்மா எல்லாரையும் பிள்ளை எண்டுதான் சொல்லுறவ, ஆட்டுக்குட்டியையும் பிள்ளை எண்டுதான் சொல்லுவா, அதால அது ஒரு பெரிய கொள்கைப் பிரகடனம் இல்லைத்தான், ஆனா சித்தி அடுத்தமுறை 'உது' எண்டு சொல்லேக்க அம்மம்மா "உது எண்டு சொல்லாதை, பேர் இருக்கெல்லே" எண்டா. நான் அண்டைக்கு இரவு சரியா நித்திரை கொள்ளேல்ல. ஜனனி நடுவில வெளிய வந்த பிறகும் அம்மம்மா பாக்கிறதை விடேல்ல. தை மாசம் அது முடியும்வரைக்கும் பாத்தா, அசீம் வெண்டதுக்கு ரெண்டு நாள் கோவமா இருந்தா.

ஒரு விசயத்தை இதில நான் சொல்லத்தான் வேணும். நான் திருநங்கை இல்லை. நான் ஆம்பிளையளை விரும்புற ஆம்பிளை, அது வேற, இது வேற, எங்கட சனம் ரெண்டையும் ஒரே சாக்கில போட்டுக் கட்டும். ஷிவின் பட்ட பாடு நான் பட்டதில்லை, நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டால போனால் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம், அவையளுக்கு அந்த ஒளிப்பிடம் இல்லை. அதாலதான் எங்கட வீட்டுக் கதவை முதல் தட்டினது அவையளாத்தான் இருந்தது எண்டதை நான் மறக்கக் கூடாதெண்டு நினைக்கிறன். யாழ்ப்பாண ரவுணுக்குள்ள வானவில் கொடியோட ஊர்வலம் போகேக்கயும் முன்னுக்கு நிண்டதுகள் திருநங்கைச் சகோதரிமார்தான். நான் ரோட்டோரம் பைக்கில, ஹெல்மெட்டைக் கழட்டாமல் நிண்டனான். கழட்டியிருக்கலாம். அடுத்தமுறை எண்டு அப்ப நினைச்சது.

இன்னொண்டு என்னெண்டால், அந்த பிக்பாஸ் சீசன நடத்தினது கமல். 'வேட்டையாடு விளையாடு'வில அந்தக் கேள்வியைக் கேட்ட அதே வாய், பதினாறு வருசத்துக்குப் பிறகு ஷிவினை மரியாதையாப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டது. அதுக்குப் பிறகு கமல் விலக 2024ல விஜய் சேதுபதி வந்தார், அவர் 2019ல 'சூப்பர் டீலக்ஸ்'இல ஷில்பா எண்ட திருநங்கையா நடிச்சு தேசிய விருது வாங்கினவர். அந்தப் படத்தைப் பற்றி எனக்கு ரெண்டு மனம் இருக்கு. ஷில்பா வீட்டுக்குத் திரும்பி வரேக்க குடும்பம் முழுக்க உறைஞ்சுபோய் நிக்க, மகன் ராசுக்குட்டி மட்டும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளுவான், அந்தப் பெடியன் நடிச்ச மாதிரி ஒருத்தரும் நடிக்கேல்ல. ஆனா திருநங்கைப் பாத்திரத்துக்கு ஏன் ஒரு திருநங்கையை எடுக்கேல்ல எண்டும், ஷில்பாவைப் பிள்ளை கடத்தினதாக் காட்டினது ஏன் எண்டும் அப்பவே திருநங்கைமார் கேட்டவை, அது நியாயமான கேள்வி. சேதுபதி நல்ல நடிகர் எண்டதால கேள்வி இல்லாமல் போகாது. 2022ல வந்த ரஞ்சித்தின்ர 'நட்சத்திரம் நகர்கிறது' எனக்குப் பிடிச்சது அதாலதான், அதில எங்கட ஆக்கள் நாடகக் குழுவுக்குள்ள மற்ற ஆக்களைப்போல சும்மா இருந்து கதைச்சு, சண்டை பிடிச்சு, சாப்பிட்டுக்கொண்டு இருப்பினம். அதை நான் ஹெட்செட்டிலதான் பாத்தன்.

சொல்லுகளைப் பற்றியும் கொஞ்சம். இஞ்சத்தப் பேப்பருகளில இண்டைக்கும் 'ஓரினச்சேர்க்கை' எண்டுதான் போடுவினம். எனக்கு அந்தச் சொல்லில வெறுப்பு. ஒருத்தன் ஒருத்தியை விரும்பினால் காதல், ஒருத்தன் ஒருத்தனை விரும்பினால் சேர்க்கை, ஏதோ ரெண்டு கெமிக்கலைக் கலக்கிற மாதிரி. 2021ல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிட்ட ரெண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போன வழக்கு வந்தது. அவர் தனக்கு இது சரியா விளங்கேல்ல எண்டதை ஒளிக்காமல் சொல்லிப்போட்டு, ஒரு உளவியலாளரிட்டப் போய் இருந்து கேட்டுப் படிச்சிட்டு வந்துதான் தீர்ப்பு எழுதினவர். எனக்கு அந்த மனிசனில பெரிய மதிப்பு. அந்த வழக்கின்ர தொடர்ச்சியாத்தான் அடுத்த வருசம் தமிழ்நாடு அரசு இந்த ஆக்களை மரியாதையா எப்பிடிச் சொல்லுறதெண்டு ஒரு சொல்லகராதி வெளியிட்டது. தன்பாலீர்ப்பு எண்ட சொல்லை நானும் எழுதேக்க பாவிக்கிறன், நல்ல சொல்தான், ஆனா அதை அம்மம்மாட்டச் சொல்லிப் பாருங்கோ, மருந்துப் பேர் எண்டு நினைப்பா. எழுதுறதுக்கு ஒரு சொல் வந்திட்டுது, வீட்டில சொல்லுறதுக்கு ஒரு சொல் வேணும். அதைத்தான் நான் கனகாலம் தேடினது.

யாழ்ப்பாணத்தில எங்களைப்போல ஆக்களுக்கெண்டு ஒரு இடம் இல்லை, கஃபே, பார், கிளப் ஒண்டும் இல்லை, ஆனா நாங்கள் எங்கயும் இருக்கிறம். பின்னேரத்தில பண்ணைப் பாலத்தடியில காத்து வாங்கப் போற சனத்துக்குள்ள இருக்கிறம், நல்லூரடியில ஐஸ்கிறீம் கடையில பெரிய கிளாசுக்கு ரெண்டு கரண்டி வாங்கிக்கொண்டு இருக்கிறதுக்குள்ள இருக்கிறம், கார்கில்ஸ் மேல்மாடியில படத்துக்கு ரிக்கெற் எடுக்கிற கியூவில இருக்கிறம். ஒரு பெடியனும் பெட்டையும் கோட்டைப் பக்கம் இருந்து கதைச்சால் பத்துப்பேர் பாப்பினம், ரெண்டு பெடியள் ஒரு பைக்கில ஒட்டிக்கொண்டு போனால் ஒருத்தரும் பாக்க மாட்டினம். அது சுதந்திரம் இல்லை. நாங்கள் இருக்கிறம் எண்டு அவைக்கு நினைக்கவே தெரியாததால கிடைக்கிற இடைவெளி அது. அந்த இடைவெளிக்குள்ள நான் ஒருத்தரை மூண்டு வருசம் விரும்பினனான். அவர் இப்ப கனடாவில, கலியாணம் கட்டிப்போட்டார். அவற்றை மனிசியின்ர முகத்தை பேஸ்புக்கில பாக்கேக்க எனக்குப் பொறாமை வரேல்ல, அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ எண்டதுதான் வந்தது.

அதாலதான் 'காதல் தி கோர்' என்னை அப்பிடி உலுக்கினது. 2023 கார்த்திகையில மலையாளத்தில வந்த படம், ஜியோ பேபி எடுத்தது, மம்முட்டி தானே தயாரிச்சு நடிச்சவர். மத்யூ எண்டு ஒரு ஓய்வுபெற்ற வங்கிக்காரர், உள்ளூர்த் தேர்தலில நிக்கப்போற நேரத்தில மனிசி ஓமனா விவாகரத்துக் கேட்டு வழக்குப் போடுறா, புருசன் கே எண்டு. ஓமனாவா ஜோதிகா. பிரைமில வந்த இரவே நான் அறைக்குள்ள பாத்து முடிச்சிட்டன். ஒரு பெரிய ஸ்டார், எழுபது வயசு தாண்டின ஆள், இந்தப் பாத்திரத்தை ஒரு சிரிப்பும் இல்லாமல், ஒரு ஸ்டைலும் காட்டாமல், வெக்கத்தைத் தோளில சுமந்துகொண்டு நடக்கிற மாதிரி நடிச்சிருந்தார். இரவு ரெண்டு மணி. ஹெட்செட்டைக் கழட்டிப்போட்டு இருட்டுக்குள்ள இருந்தன். எனக்கு அப்ப தோணினது ஒண்டே ஒண்டுதான், இதை அம்மா பாக்கவேணும்.

அம்மாவுக்கு ஜோதிகா எண்டால் உயிர். அடுத்த ஞாயிறு, பாணும் சம்பலும் சாப்பிட்டு முடிய, போனை ரீவியோட கொழுவிப்போட்டு, "ஜோதிகாட புதுப்படம் அம்மா, மலையாளம், பாக்கிறீங்களோ" எண்டன். அம்மா, அம்மம்மா, நான். மலையாளம் பாதி விளங்கும், மிச்சத்துக்கு நான் சப்டைட்டிலப் பாத்துத் தமிழில சொல்லிக்கொண்டு இருந்தன். கோர்ட்டில வழக்கு என்னெண்டு சொல்லுற இடம் வரேக்க எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. அம்மா "என்னவாம்?" எண்டு கேட்டா. நான் "அவருக்குப் பொம்பிளையளில விருப்பம் இல்லையாம், இன்னொரு ஆம்பிளையிலதான் விருப்பமாம்" எண்டன். விருப்பம். 'அவனுக்கு அவளில விருப்பம்' எண்டு நாங்கள் காலம் காலமாச் சொல்லுற அதே சொல்லு. நான் தேடினது இல்லை, வாய்க்குத் தானா வந்தது. அம்மா ஒண்டும் சொல்லேல்ல. கடைசிக் கட்டங்களில மத்யூ தகப்பனுக்கு முன்னால உடைஞ்சு அழேக்க, கலியாணம் கட்டினால் சரியாகிடும் எண்டு நினைச்ச அந்தத் தகப்பன்ர முகத்தை அம்மா பாத்துக்கொண்டிருந்தா, நான் அம்மாட முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தன்.

படம் முடிய அம்மா சொன்னது, "அந்தப் பொம்பிளை பாவம். இருவது வருசம்." அவ்வளவுதான். நான் பாத்திரம் கழுவப் போனவன் திரும்பி வந்து, "அதாலதான் அம்மா சாதகத்தை ஒருத்தரிட்டயும் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லுறனான்" எண்டன். எப்பிடிச் சொன்னன் எண்டு எனக்கே தெரியாது. அம்மா என்னை நிமிர்ந்து பாக்கேல்ல. மேசையில இருந்த பாண் தூளைக் கையால கூட்டிக் கூட்டிக் கோப்பையில போட்டா, ஒரு தூளும் இல்லாமல் போன பிறகும் கூட்டிக்கொண்டே இருந்தா. பேந்து எழும்பிப் போய்ப் படுத்திட்டா. ரெண்டு மாசம் நாங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்ல, சாப்பிட்டியோ, பெற்றோல் அடிச்சியோ, மழை வரும் போல கிடக்கு, அவ்வளவுதான். அந்த ரெண்டு மாசத்தை நான் திருப்பி வாழ மாட்டன். ஆனா புரோக்கர் அய்யா ஒருநாள் படலையடியில வந்து கூப்பிடேக்க அம்மா வெளிய போய், "தம்பிக்கு இப்ப பாக்கேல்ல" எண்டு சொல்லி அனுப்பினது எனக்குக் கேட்டது. 'இப்ப' எண்டுதான் சொன்னவ. எனக்கு அது காணும் போல இருந்தது.

இலங்கையில சட்டம் இன்னும் அப்பிடியேதான் கிடக்கு. 1883ல வெள்ளைக்காரன் எழுதின தண்டனைச் சட்டக்கோவையில எங்களைக் குற்றவாளியாக்கிற 365, 365ஏ எண்டு ரெண்டு பிரிவு, 1995ல அதைத் திருத்தினவை, எடுக்கிறதுக்கில்லை, பொம்பிளையளையும் உள்ளுக்குப் பிடிச்சுப் போடுறதுக்கு. 2023 மே மாசம் எங்கட உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்), இதைக் குற்றமில்லை எண்டு ஆக்க பிரேம்நாத் தொலவத்த எண்ட எம்.பி. கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு சொல்லிச்சு, பிறகு பாராளுமன்றம் கலைஞ்சுபோச்சு, அதுவும் அப்பிடியே போச்சு. இந்தியாவில 2018 செப்டெம்பர் 6ம் திகதி அதே மாதிரியான 377ஆம் பிரிவை விழுத்தினவை. அண்டைக்கு நான் ஒபிசில இருந்து ரொயிலற்றுக்குள்ள போய் நிண்டு நியூஸ் வாசிச்சது ஞாபகம். பாக்குநீரிணை அவ்வளவு தூரமும் இல்லை.

2025 தை 23ம் திகதி தாய்லாந்தில எங்கட ஆக்கள் சட்டப்படி கலியாணம் கட்டத் தொடங்கினவை. '2கெதர்' பாத்து அழுத அஞ்சு வருசத்துக்குள்ள. சோடி சோடியாப் பதிவு அலுவலகத்தில நிக்கிற படங்கள் போனில வந்துகொண்டே இருந்தது, வயசுபோன ஆக்கள், பொலிஸ் உடுப்போட ஒருத்தர், நடிகர்மார். அண்டைக்கு இரவு நாங்கள் மூண்டு பேர் ரவுணில கொத்துக் கடையில இருந்து கொத்து ரொட்டி சாப்பிட்டம். கடைக்காரர் கொத்துற சத்தத்தில நாங்கள் என்ன கதைச்சாலும் ஒருத்தருக்கும் கேக்காது, அந்தச் சத்தத்துக்குள்ள நாங்கள் யார் யார் யாரைக் கட்டியிருப்பம் எண்டு வாய்விட்டுக் கதைச்சம். ஒருத்தன் அழுதிட்டான். முட்டைக் கொத்து ஆறிப்போச்சு.

பிறகு அந்த வருசமே மலையாள பிக்பாஸில ஆதிலாவும் நூராவும் வந்தவை. காதலிக்கிற ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். பெற்றோர் பிரிச்சு வைச்சு, 2022ல கேரள உயர் நீதிமன்றம் சேர்ந்து வாழலாம் எண்டு விட்ட அதே ரெண்டு பேர். வீட்டுக்குள்ள ஒரு போட்டியாளர் இவையளை வீட்டில சேக்கக் கூடாத ஆக்கள் மாதிரிக் கதைக்க, நிகழ்ச்சியை நடத்தின மோகன்லால் தன்ர வீட்டில சேப்பன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னார். அந்தக் கிளிப்பை எனக்கு அனுப்பினது ஆரெண்டு நினைக்கிறீங்கள், சித்தி. குசினியில இருந்து 'உது' எண்டு கத்தின அதே சித்தி. கீழ ஒரு சொல்லும் எழுதேல்ல, ஒரு கை கூப்பின படம் மட்டும். ஏன் எனக்கு அனுப்பினவ, அம்மா ஏதும் சொன்னவவோ, எல்லாருக்கும் அனுப்பினவவோ, நான் கேக்கேல்ல. நானும் ஒரு கை கூப்பின படம் அனுப்பினன்.

போன கிழமை நடந்ததுக்கு வாறன். அம்மம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிஞ்சு, ரீவி பாக்கலாம் ஆனா எழுத்து வாசிக்க ஏலாது. இரவு நான் ஹோலில மெத்தையைப் போட்டுக்கொண்டு படுத்து, போனில '2கெதர்'ஐத் திருப்பிப் பாத்துக்கொண்டு இருந்தன், ஹெட்செட்டோட. அவ கதிரையில இருந்தபடி "என்ன மோனை தனியச் சிரிக்கிறாய்" எண்டு கேட்டா. ஒண்டுமில்லை அம்மம்மா எண்டன். "ஒண்டுமில்லாததுக்கு ஏன் சிரிக்கிறாய், பெரிசில போடு, நானும் பாக்க."

போட்டன். அறைக்குள்ள அம்மா படுத்திருந்தா, கதவு சாத்தேல்ல. முதலாவது எபிசோடில இருந்து. அம்மம்மாவுக்குத் தாய்லாந்து மொழியும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது, அதால ஒவ்வொரு வரியையும் நான் வாய்விட்டுச் சொல்லவேண்டி இருந்தது, ரெண்டு பெடியளுக்கும் நானே குரல். ஆர் இவன், ஏன் அவனைத் துரத்துறான், கிற்றார்காரன் ஏன் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறான், எல்லாத்துக்கும் கேள்வி. கடைசியில அவ கேட்டா, "அப்ப உந்த உயரமான பெடியனுக்கு என்ன பிரச்சினை?"

"அவனுக்கு மற்றவனில விருப்பம் அம்மம்மா. முதலே விருப்பம். சொல்லத் தெரியாமல் நிக்கிறான்."

"சொல்லச் சொல்லு," எண்டா. பேந்து கொஞ்ச நேரம் கழிச்சு, "அடுத்ததையும் போடு."

இண்டைக்கு நாலாவது எபிசோட். அம்மாவும் தேத்தண்ணியோட வந்து வாசல் நிலையில சாஞ்சுகொண்டு நிக்கத் தொடங்கியிருக்கிறா, இருக்கேல்ல, நிக்கிறா.